கட்டுமரமும் கயிறும்

பந்தயப் படகுகளிற் புடைபாய்க்குக் கயிறமைக்கும் முறை

தமிழிலிருந்து ஆங்கிலம் கடன்கொண்ட சொற்கள் சிலவே. அவற்றுள் உலகெங்கும் பரந்து வழங்குவனவற்றுள் ஒன்று 'கட்டமரான்' என்பது. நம் கரையோர மீனவர் மரக்குற்றிகள் சிலவற்றை நெடுக்காக அடுக்கிக் கயிற்றாற் பிணித்துக் கடலிற் செலுத்தும் மிதவையைக் கட்டுமரம் என்பர். சோழமண்டலக் கரையில் இதனைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயணநூலில் இப்பெயரை எழுதிவைத்தார். காலம் செல்லச் செல்ல இச்சொல், பக்கத்துக்கொன்றாக இரண்டு உடல்களைக் குறுக்குத் தண்டுகளாற் பிணைத்த படகுக்குப் பெயராயிற்று. அத்தகைய இரட்டையுடற் படகு நம்முடையதன்று. பசிபிக் பெருங்கடலின் தீவு மக்கள் வளர்த்தெடுத்த கலம் அது. ஆகவே பெயர் நம்மது, பொருள் பிறருடையது.

எனினும் இப்பெயர் முற்றும் பொருந்தாப் பெயர் என்று தள்ளிவிடுதற்கும் இல்லை. கட்டுமரத்தின் உயிர் மரத்திலன்று, கட்டிலேயே உள்ளது. கட்டு நெகிழ்ந்தால் எஞ்சுவன சில குற்றிகளே. இன்றைய பந்தயப் படகின் உடல்கள் கண்ணாடியிழையாலும் கரியிழையாலும் ஆயவை. அவை ஆணியாலும் திருகாலும் பொருத்தப்பட்டவை. ஆயினும் அப்படகின் விரைவும், அதிற் செல்லும் இருவரின் நலனும் கயிறுகளையே சார்ந்துள்ளன. சிறப்பாக, காற்றோடு செல்லும்போது விரிக்கப்படும் புடைபாயின் கயிறுகள் ஒவ்வொன்றும் தத்தம் வழியே ஓடுமாயின் படகு பறக்கும். ஒன்று வழிமாறினும் படகு கவிழும். இவ்வுண்மையை நூலிற் படித்தன்றி, நீரில் வீழ்ந்தே யாம் அறிந்தோம். அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம். முதலில், இக்கயிறுகளை அமைக்கும் முறையையும் அதற்குரிய காரணங்களையும் மாணவர் விளங்கிக்கொள்ளுமாறு விளக்க முயல்வோம்.

படகின் வரலாறு

மேனாட்டிலே இரட்டையுடற் படகைப் பந்தயத்துக்கு உரியதாக்கியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷொவ். அவர் ஆக்கிய 'அமரில்லிஸ்' என்னும் படகு 1876ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடைபெற்ற பந்தயத்தில் ஏனைய படகுகளை எளிதில் வென்றது. அவ்வெற்றியே அதற்குப் பகையாயிற்று. இத்தகைய படகுகள் ஏனைய படகுகளோடு போட்டியிடலாகாது என விலக்கப்பட்டன. அதனால் இவற்றின் வளர்ச்சி நெடுங்காலம் தடைப்பட்டது.

1967ஆம் ஆண்டில் பிரித்தானியரான றொட்னி மார்ச் என்பவர் 'ரோர்னாடோ' என்னும் படகை வரைந்தார். அதன் நீளம் 20 அடி. அகலம் 10 அடி. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் அது இடம்பெற்றது. 2008ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தது. தொடக்கத்தில் அதற்குப் பெரும்பாய், முன்பாய் என இரண்டு பாய்களே இருந்தன. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாவதாகப் புடைபாயும் சேர்க்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் விழாவிலே அப்படகுகள் புடைபாயோடு போட்டியிட்டன. 2012ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் இரட்டையுடற் படகுகளுக்கு இடமில்லாதிருந்தது. 2016இல் றியோ டி ஜெனெய்ரோவில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து செலுத்தும் 'நாக்ரா 17' என்னும் படகு புகுந்தது. முந்திய ஆண்டிலே புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்றிருந்த சந்தியாகோ லாங்கே என்பார், தமது 54ஆம் வயதில், செசிலியா கறன்சாவுடன் இணைந்து அப்படகிலே ஆர்ஜென்ரீனாவுக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்தார். 2024இல் மார்செய்த் துறைமுகத்தை அடுத்த கடலில் நடைபெற்ற போட்டியிலும் அவ்வகைப் படகே இடம்பெற்றது.

ஒலிம்பிக் விழாவுக்குப் புறம்பாகப் பலரும் செலுத்துவது 'போர்மியூலா 18' என்னும் வகையாகும். ஏறத்தாழ 5.5 மீற்றர் நீளமும் 2.6 மீற்றர் அகலமும் 9 மீற்றர் உயரமான பாய்மரமும் உடையது அது. இக்கட்டுரையில் யாம் கூறுவன யாவும் அத்தகைய இருவர் படகை மனத்திற் கொண்டே கூறப்படுவன.

புடைபாய் ஏன்?

ஆங்கிலத்தில் 'ஸ்பினக்கர்' எனப்படும் பாயை ஈண்டுப் புடைபாய் என வழங்குவோம். மெல்லிய துணியாலாயது, காற்று நிறைந்தவுடன் வயிறு புடைத்து நிற்பது, ஆதலின் இப்பெயர் பொருந்தும். பெரும்பாய் தன் முன்விளிம்பு முழுவதும் பாய்மரத்தைப் பற்றி நிற்கும். புடைபாயோ மூன்று முனைகளால் மாத்திரம் படகோடு தொடர்புடையது. மேலே உள்ளது தலை. முன்னே கீழ் உள்ளது முன்முனை. பின்னே கீழ் உள்ளது பின்முனை. இம்மூன்றையும் கயிறுகளே தாங்குகின்றன. கயிறுகள் நீங்கின் அது காற்றில் அலையும் துணியே.

காற்று பின்னிருந்து வீசும்போது பாய் படகுக்குக் குறுக்கே நிற்கவேண்டும் என்றே பலரும் எண்ணுவர். மெல்லச் செல்லும் படகுக்கு அது சரியே. விரைந்து செல்லும் இரட்டையுடற் படகுக்கோ அது பொருந்தாது. இதனை மாணவர் வரைபடத்தாளில் தாமே வரைந்து காணலாம். காற்றின் வேகம் 12 நொற்று எனவும், படகின் வேகம் 15 நொற்று எனவும், காற்று வரும் திசைக்கும் படகின் முன்முகத்துக்கும் இடைப்பட்ட கோணம் 140 பாகை எனவும் கொள்க. காற்று பின்புறமாகவே வருகின்றது. ஆயினும் படகு தன் ஓட்டத்தால் எதிர்க்காற்று ஒன்றைத் தானே உண்டாக்குகின்றது. இரண்டையும் திசையன் முறைப்படி கூட்டினால், படகிலுள்ளார் உணரும் காற்று ஏறத்தாழ 9.7 நொற்று வேகத்தோடு, முன்முகத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில், அதாவது முன்பக்கத்திலிருந்தே வருவதாகக் காணலாம்.

ஆகவே இப்படகின் புடைபாய், பின்னிருந்து தள்ளப்படும் குடை போன்றதன்று. பறவையின் சிறகு போன்றது. அதன் முன்விளிம்பு இறுகி நிற்றல் வேண்டும். பின்முனை நெகிழவும் இறுகவும் தக்கதாதல் வேண்டும். இரண்டு உடல்களுக்கும் நடுவேயிருந்து முன்னோக்கி நீளும் முன்கோல் ஒன்றின் நுனியில் அதன் முன்முனை பிணிக்கப்படுவது இதன்பொருட்டேயாம்.

நான்கு தொழில்கள்

புடைபாயை ஆள்வதற்கு நான்கு தொழில்கள் வேண்டும்: ஏற்றுதல், முன்முனையை வெளியே இழுத்தல், காற்றுக்கேற்பப் பிடித்தல், மீட்டல். இந்நான்கனையும் செய்யும் கயிறுகளை முறையே ஏற்றுகயிறு, முன்முனைக் கயிறு, பிடிகயிறு, மீட்புக்கயிறு என்போம். ஏற்றுகயிற்றை ஆங்கிலேயர் 'ஹல்யாட்' என்பர். நம் பழைய கடலோடிகள் ஆஞ்சான் என்றனர். பிடிகயிற்றை ஆங்கிலேயர் 'ஷீற்' என்பர்.

ஏற்றுகயிறும் மீட்புக்கயிறும்: இவ்விரண்டும் தொழிலால் இரண்டு, பொருளால் ஒன்று. பாய் மேலே ஏறும்போது ஏற்றுகயிறு படகினுள் வருகின்றது; அதே வேளையில் மீட்புக்கயிறு பாயோடு வெளியே செல்கின்றது. இறங்கும்போது இது மாறி நிகழும். ஒன்று எவ்வளவு வருமோ மற்றது ஏறத்தாழ அவ்வளவு போகும். ஆதலின் ஒரே நெடுங்கயிற்றின் இரு தலைப்புகளையும் இவ்விரு தொழிலுக்கும் பயன்படுத்தினால், படகின் தளத்தில் வீணே கிடந்து காலைச் சுற்றும் கயிறு குறையும்.

அக்கயிற்றின் வழியை நிரலே கூறுவோம். அதன் ஒரு தலைப்புப் பாயின் தலையிற் கட்டப்படும். அங்கிருந்து அது பாய்மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே முன்புறமாக உள்ள கப்பியை அடைந்து, மரத்தின் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள கப்பியிலே திரும்பி, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்களையுடைய பிடியினூடாக வெளிவரும். துணைவர் இழுப்பது இவ்விடத்திலேயே. பின்னர் அது வலைத்தளத்தின் பின்பகுதியிலுள்ள கப்பியிலே திரும்பி, தளத்தின் கீழே கிடக்கும் பாயுறையின் பின்வாயினுட் புகும். பாயுறை என்பது முன்கோலில் அகன்ற வாயும், அதன் பின்னே நீண்ட துணிக்குழாயும் உடையது. இறக்கிய பாய் அதனுள்ளேயே தங்கும். கயிறு அவ்வுறையின் நீளம் முழுவதும் ஓடி, முன்வாயினால் வெளிப்பட்டு, பாயின் நடுப்பகுதியை அடையும். அங்கே கீழுள்ள வளையத்தினூடாகச் சென்று, மேலுள்ள ஒட்டுத்துணியிலே முடிச்சிடப்படும். இவ்வழி முழுவதையும் அளப்பின் இருபது மீற்றருக்கும் மேற்படும்.

பாயின் விளிம்பிற் கட்டாது நடுவிற் கட்டுவது ஏன் என்று வினவலாம். மீட்புக்கயிற்றை இழுக்கும்போது, கீழ் வளையமும் மேல் ஒட்டுத்துணியும் ஒன்றையொன்று நெருங்க, பாய் தன் நடுவிலேயே மடிந்து, உறையின் வாயை நோக்கி வருகின்றது. காற்றைப் பிடித்து நிற்கும் வயிறே முதலிற் சுருங்குவதால் பாய் வலியிழக்கின்றது. விளிம்பைப் பற்றி இழுப்பின் வயிறு புடைத்தவாறே இருந்து நம்மோடு மல்லுக்கு நிற்கும்.

முன்முனைக் கயிறு: இது பாயின் முன்முனையிற் கட்டப்பட்டு, முன்கோலின் நுனியிலுள்ள கப்பியினூடாகப் பின்னே திரும்பி வருவது. பழைய அமைப்பில் இதற்குத் தனிப் பிடி இருந்தது. துணைவர் முதலில் இதனை இழுத்துப் பூட்டிப் பின்னரே பாயை ஏற்றுவார். இக்காலத்தார் பலர் இதன் வால்நுனியில் ஒரு சிறு கப்பியைக் கட்டி, ஏற்றுகயிறு அதனூடாக ஓடுமாறு அமைப்பர். ஏற்றுகயிறு இறுகும்போது அக்கப்பியும் இழுபட, முன்முனை கோலின் நுனியைத் தானே சென்றடையும். ஒரே இழுப்பில் இரண்டு தொழில் முடியும். பாயின் தலை உயரு முன்னர் முன்முனை நுனியை அடைதல் இன்றியமையாதது. அது தாழ்த்தால் பாயின் அடிப்பகுதி நீரில் வீழும். படகு அதன்மேல் ஏறிவிடும்.

பிடிகயிறு: பிழை பெரிதும் நேர்வது இதனிடத்திலேயே. ஆதலின் விரிவாகக் கூறுவோம். இது பாயின் பின்முனையில் தொடங்கிப் படகைச் சுற்றி வந்து மீண்டும் பின்முனையிலேயே முடியும் ஒரு வளையம். பாய்மரத்தை இருபுறமும் தாங்கி நிற்பன பக்கக் கம்பிகள். முன்னே தாங்குவது முன்கம்பி. பிடிகயிறு பின்முனையிலிருந்து ஒரு பக்கத்துக் கம்பிக்கு வெளியே சென்று, அப்பக்கத்து ஓரத்திலுள்ள கப்பியினூடாகத் தளத்துக்குள் வந்து, தளத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்துக் கப்பியினூடாக வெளியேறி, அப்பக்கத்துக் கம்பிக்கும் வெளியே முன்னோக்கிச் சென்று, முன்கம்பிக்கு முன்னாலும், புடைபாயின் முன்விளிம்புக்குப் பின்னாலும், முன்கோலுக்கு மேலாலும் கடந்து பின்முனையைச் சேர்தல் வேண்டும்.

இதனை மாணவர் மூன்று சொற்றொடராக நினைவிற் கொள்ளலாம். பக்கக் கம்பிக்கு வெளியே, முன்கம்பிக்கு முன்னே, முன்கோலுக்கு மேலே. படகு ஒரு பக்கத்துக் காற்றிலிருந்து மறுபக்கத்துக் காற்றுக்குத் திரும்பும்போது, பின்முனை முன்கம்பிக்கும் பாயின் முன்விளிம்புக்கும் இடையிலுள்ள வெளியினூடாகவே மறுபுறம் செல்லவேண்டும். கயிறு அவ்வெளியினூடாகச் செல்லாதிருப்பின் பாயும் செல்லமாட்டாது.

உராய்வு என்னும் துணை

கிணற்றில் நீரள்ளுவோர் கப்பியில் உராய்வு குறைதலையே விரும்புவர். ஏற்றுகயிற்றின் கப்பிகளும் அவ்வாறே வழுவழுப்பாய் உருளவேண்டும். பிடிகயிற்றின் கப்பிக்கோ வேறு இயல்பு வேண்டும். துணைவர் அக்கயிற்றைப் பந்தயம் முழுவதும் கையிலேயே பிடித்திருப்பார். அதனைப் பூட்டிவிட்டு இருத்தல் இயலாது. பலத்த காற்றில் அவ்விழுவிசையைத் தாங்கக் கை மட்டும் போதாது.

இதன்பொருட்டு ஒரு திசையில் மாத்திரம் உருளும் பற்சில்லுக் கப்பி பயன்படுகின்றது. இழுக்கும்போது சில்லு உருளும். நெகிழ்க்கும்போது சில்லு நின்றுவிட, கயிறு அதன்மேல் உராய்ந்தே செல்லவேண்டும். நின்ற சில்லு ஒரு தூணை ஒக்கும். தூணிற் சுற்றிய கயிற்றைச் சிறு பிள்ளையும் பிடித்து நிறுத்தலாம் என்பது மாடு கட்டுவோர் அறிந்த செய்தி. கணிதம் கூறுவதும் அதுவே. உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், அரைச் சுற்றுச் சுற்றிய கயிற்றின் ஒரு தலைப்பில் 100 பங்கு இழுவிசை உள்ளபோது, மறு தலைப்பில் ஏறத்தாழ 39 பங்கு இருந்தாற் போதும். முழுச் சுற்றாயின் 15 பங்கே போதும். சுற்று ஏறுந்தோறும் விசை அடுக்கடுக்காகக் குறைகின்றது. ஆயின் இச்சில்லை மாறிப் பூட்டினால் விளைவும் மாறும்: இழுப்பதற்குக் கடினமாயும் நெகிழ்ந்தோடுவதற்கு எளிதாயும் முடியும். ஆதலின் பூட்டியவுடன் கையால் இழுத்து, எத்திசையிற் சில்லு ஒலிக்கின்றது எனக் காணல் வேண்டும்.

கயிற்றின் பொருள்

முன்னோர் தும்பையும் சணலையும் திரித்துக் கயிறாக்கினர். இன்று நெதர்லாந்தில் ஆக்கப்பெற்ற 'டைனீமா' என்னும் இழை பெரிதும் வழங்குகின்றது. அது பொலியெதிலீன் என்னும் பொருளின் மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆயது. ஒத்த எடையுடைய உருக்கினும் வலியது. நீரினும் இலேசானது ஆதலின் மிதப்பது. இழுத்தாலும் மிகச் சிறிதே நீள்வது. ஏற்றுகயிறு நீளுமாயின் பாயின் முன்விளிம்பு தொய்யும். ஆதலின் அதற்கு இவ்விழை ஏற்றது.

இதற்குக் குறைகளும் உள. வழுவழுப்பு மிக்கதாதலின் எளிய முடிச்சுகள் இதில் நில்லாது நழுவும். வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. ஆகவே கையாற் பற்றும் இடத்திலும் பிடியின் பற்கள் கவ்வும் இடத்திலும் பொலியெஸ்டர் உறையுடைய கயிறே நன்று. பிடிகயிற்றின் நடுப்பகுதி கைக்கு இதமாகத் தடித்தும், பின்முனையை அடுத்த பகுதி மெலிந்தும் இருத்தல் வேண்டும். மென்காற்றிலே கனத்த கயிறு பின்முனையைக் கீழிழுத்துப் பாயின் வடிவத்தைக் கெடுக்கும் என்பதே காரணம்.

கரையிலே செய்யத்தக்க சோதனை

எல்லாக் கயிறுகளும் அமைந்தபின், உடனே கடலிற் செல்லலாகாது. முதலாவதாக, பாயின் முன்முனையில் விரலை வைத்து, முன்விளிம்பு வழியே தலைவரை கையை ஓட்டிச் செல்க. இடையில் முறுக்கு இருப்பின் கை அறிந்துவிடும். இரண்டாவதாக, பிடிகயிற்றைப் பின்முனையிலிருந்து தொடங்கி ஒரு சுற்று முழுவதும் தொட்டுக்கொண்டே நடந்து வருக. கண் விட்ட பிழையைக் கை காணும். மூன்றாவதாக, காற்று மிக மெல்லிதாயுள்ள வேளையிலே, படகின் பின்புறம் காற்றை நோக்குமாறு நிறுத்தி, பாயை ஒருமுறை ஏற்றி, பிடிகயிற்றால் இரு பக்கத்துக்கும் மாற்றி, மீண்டும் உறைக்குள் இறக்குக. ஏறி, மாறி, இறங்கிய பாயே கடலுக்குத் தகுந்த பாய். ஏறியது மட்டும் கண்டு அமைவது போதாது.

நான்காவதாக ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் மிதவைச் சட்டையில், ஒரு கையால் எடுக்கத்தக்க இடத்தில், கயிறறுக்கும் சிறு கத்தி ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். இதன் பயன் கீழே விளங்கும்.

ஏற்றலும் இறக்கலும்

எல்லை மிதவையைச் சுற்றியதும் சுக்கானி படகைக் காற்றோடு திருப்புவார். துணைவர் தளத்தின் நடுவே நின்று, கைக்கு மேல் கை வைத்து நீண்ட இழுப்புகளால் பாயை ஏற்றுவார். தலை உச்சியை அடைந்து பிடி கவ்வியதும், பிடிகயிற்றை எடுத்துக்கொண்டு காற்று வரும் பக்கத்துக்கு வருவார். பின்னர் அவருடைய தொழில் ஒன்றே: பாயின் முன்விளிம்பு சற்றே சுருளும்வரை கயிற்றை நெகிழ்த்தல், சுருண்டதும் சிறிது இழுத்தல். இவ்வாறு ஓயாது செய்தல் வேண்டும். சுருளாத பாய் மிகையாக இழுக்கப்பட்ட பாயாகும்.

திடீரென வன்காற்று வீசினால் ஏனைய படகோட்டிகள் கற்ற பழக்கம் ஈண்டு உதவாது. எதிர்க்காற்றில் செல்வோர், வன்காற்று வந்தால் பெரும்பாயின் கயிற்றை விட்டுவிடுவர். புடைபாய் ஏறியுள்ளபோது அவ்வாறு முற்றும் விடலாகாது. இப்படகுகளின் பாய்மரத்துக்குப் பின்புறத்தில் தாங்குகம்பி இல்லை. புடைபாய் மரத்தை முன்னோக்கி இழுக்க, இறுகிய பெரும்பாயே அதனைப் பின்னோக்கித் தாங்குகின்றது. அத்தாங்கலை நீக்கினால் மரம் முறிதலும் கூடும். ஆகவே சுக்கானி படகைக் காற்றின் போக்கிலே மேலும் திருப்புவார்; துணைவர் பிடிகயிற்றை அளவாக நெகிழ்ப்பார்; இருவரும் உடலைப் பின்னே கொண்டு செல்வர். இல்லையெனின் முன்முகம் நீரினுட் புதைந்து படகு குட்டிக்கரணம் போட்டுவிடும்.

இறக்கும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. சுக்கானி படகைக் காற்றோடு நன்கு திருப்பி, புடைபாயைப் பெரும்பாயின் மறைவுக்குள் கொண்டுவருவார். துணைவர் பிடிகயிற்றை இறுக்கிக் காலின்கீழ் மிதித்துக்கொண்டு, ஏற்றுகயிற்றைப் பிடியிலிருந்து விடுவித்து, மீட்புக்கயிற்றை விரைந்து இழுப்பார். பிடிகயிற்றை மிதிப்பது பாயின் அடிவிளிம்பு நீரில் வீழாமற் காத்தற்பொருட்டாம். பாய் முழுவதும் உறைக்குட் புகுந்த பின்னரே படகை எதிர்க்காற்றுக்குத் திருப்பல் வேண்டும்.

தகுந்த காற்றுக்குத் தகுந்த பாய் என்பதும் மறக்கத்தக்கதன்று. 2008ஆம் ஆண்டு சீனாவின் சிங்டாவ் நகரில் ஒலிம்பிக் படகோட்டம் நடைபெற்றது. மென்காற்றுக்குப் பெயர்பெற்ற இடம் அது. 2004இல் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்க இணையர், வழக்கமான புடைபாயை விடுத்து, மென்காற்றில் எதிர்நோக்கிச் செல்லும்போதும் உதவத்தக்க தட்டையான பாய் ஒன்றைத் தெரிந்துகொண்டனர். காற்று அவர்கள் எண்ணியதினும் வலிதாக வீசிற்று. அவர்களுக்குப் பதக்கம் கிட்டவில்லை. வழக்கமான புடைபாயோடு சென்ற ஸ்பெயின் நாட்டு பெர்னாண்டோ எச்சாவறி, அன்ரன் பாஸ் என்னும் இருவர் பொற்பதக்கம் பெற்றனர். கரையிலே செய்த தெரிவைக் கடலிலே மாற்றுதல் இயலாது என்பதற்கு இது சான்று. பாய்க்குப் பொருந்துவது கயிற்றுக்கும் பொருந்தும்.

எமது பிழை

தொழில் நிமித்தமாக யாம் ஆங்கிலநாட்டின் தென்கரையிற் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். அக்காலத்தில் நண்பர் ஒருவரின் படகிலே துணைவராகச் செல்லும் வாய்ப்புக் கிட்டிற்று. நம் மொழியிலிருந்து பெயர் பெற்ற கலம் இது என்று அவருக்குப் பெருமையோடு கூறியிருந்தோம். கோடைக்கால மாலையொன்றிலே பந்தயத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. புடைபாயை அன்றுதான் கழுவி மீண்டும் பூட்டினோம். பிடிகயிற்றை அமைக்கும் பொறுப்பு எம்முடையது. விரைவினால் அதனை ஒரு பக்கத்தில் முன்கம்பிக்கு முன்னே விடாது பின்னே விட்டுவிட்டோம். தொட்டு நடந்து பார்க்கும் வழக்கத்தையும் அன்று கைவிட்டோம்.

பாய் நன்றாகவே ஏறியது. படகு விரைந்து சென்றது. எமக்கு மகிழ்ச்சியே. முதற்பக்கத்துக் காற்றிற் செல்லும்வரை பிழை வெளிப்படவில்லை, திரும்பியபோதே வெளிப்பட்டது. பின்முனை முன்கம்பியிற் சிக்கி நின்றது. பாதி இப்புறமும் பாதி அப்புறமுமாகப் பாய் புடைத்துப் படகை ஒருபுறம் இழுத்தது. சுக்கான் பயன்படவில்லை. சில நொடிகளிலே படகு கவிழ்ந்தது.

யாம் வெளியே எறியப்பட்டோம். நண்பரோ வலைத்தளத்தின் கீழே அகப்பட்டுக்கொண்டார். யாம் தளர்த்திவிட்ட பிடிகயிறு அவருடைய கணுக்காலைச் சுற்றி இறுகியிருந்தது. அவர் தம் சட்டையிலிருந்த கத்தியை எடுத்து அதனை அறுத்துக்கொண்டு வெளிப்பட்டார். அது அரை நிமிடமும் இராது. தலை நீருக்கு மேலே தோன்றும்வரை அவ்வரை நிமிடத்தின் நீளத்தை யாம் அறிந்தோம். பின்னர்க் காவற்படகு வந்து எம்மைக் கரை சேர்த்தது.

கரையிலே அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அறுந்த கயிற்றின் இரு துண்டுகளையும் எம் கையிலே தந்து, மறுநாள் புதிய கயிற்றை எம்மையே அமைக்குமாறு கூறினார். அமைத்து முடிந்ததும், தாம் பாராமலே படகில் ஏறினார். யாம் அவரை நிறுத்தி, ஒரு சுற்று முழுவதும் கயிற்றைத் தொட்டு நடந்து காட்டிய பின்னரே புறப்பட்டோம். அன்று தொடங்கி அவ்வழக்கத்தை ஒருநாளும் விட்டதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியத்தக்கன மூன்று. புடைபாயின் கயிறு ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு வழி உண்டு. அவ்வழிக்கு ஒரு காரணமும் உண்டு. காரணத்தை அறிந்தவர் வழியை மறவார். இரண்டாவதாக, பிழை செய்த இடத்திலேயே பிழை வெளிப்படுவதில்லை. கரையிற் செய்த பிழை நடுக்கடலில், படகு திரும்பும் வேளையிலே வெளிப்படும். மூன்றாவதாக, பிழையின் பயனைப் பிழை செய்தவரே அடைவர் என்பதும் இல்லை. எமது கயிறு சுற்றியது நண்பரின் காலை.

நம் மீனவர் கட்டுமரத்தைக் கடலில் இறக்குமுன் கட்டுகளைக் கையால் இழுத்துப் பார்ப்பதைச் சிறுவயதிற் கடற்கரையிலே யாம் கண்டதுண்டு. அப்போது அது வீண்வேலையாகத் தோன்றிற்று. கண்ணால் நோக்கினாலே போதாதா என எண்ணினோம். உலகம் நம்மிடமிருந்து கட்டுமரத்தின் பெயரைப் பெற்றுக்கொண்டது. அப்பெயரில் உள்ள 'கட்டு' என்னும் பகுதியின் பொருளை யாம் பிறநாட்டுக் கடலிலே, பிறர் ஒருவரின் பொறுமையினாலே கற்றுக்கொண்டோம். இளம் மாணவர் அதனைக் கரையிலேயே கற்றுக்கொள்வாராக.